கடனும் பால்சாக்கும்

வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு ஒனோரே தெ பால்சாக். 1799இல் பிரான்சின் தூர் நகரத்தில் பிறந்தவர், 51 வயதிலேயே போய்விட்டார், அதற்குள் நாவலும் கதையுமாக ஏறத்தாழ 90 எழுதி முடித்துவிட்டார். எப்படி முடிந்தது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது அவருடைய கடனைத்தான்.

இருபத்தைந்து வயதை ஒட்டிப் பதிப்புத் தொழிலில் இறங்கினார், அப்புறம் அச்சகம், அப்புறம் அச்செழுத்து வார்க்கும் பட்டறை. 1828இல் எல்லாம் மூழ்கிப்போனது. சுமார் அறுபதாயிரம் பிராங்க் கடன், அதில் பெரும்பகுதி அம்மாவுக்குத் தர வேண்டியது. அந்தக் கடன் வாழ்நாள் முழுக்கத் தீரவில்லை. பாரிஸில் பாஸி பகுதியில் 1840இலிருந்து அவர் இருந்த வீடு இன்றைக்கு அருங்காட்சியகமாக இருக்கிறது. வேறு பெயரில்தான் அங்கே குடியிருந்தார். முன்பக்கம் கடன்காரன் வந்து நின்றால் பின்பக்கம் கீழே இறங்கி இன்னொரு தெரு வழியாகப் போய்விடலாம்.

நள்ளிரவில் எழுந்து, கறுப்புக் காப்பியை ஊற்றிக்கொண்டே விடியும்வரை எழுதுவார். சரி, பணத்துக்காக அவசர அவசரமாக எழுதித் தள்ளினார் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சகத்திலிருந்து புரூஃப், அதாவது திருத்திக் கொடுப்பதற்கான மாதிரி அச்சு, வந்ததும்தான் உண்மையான எழுத்தே தொடங்கும். நான்கு பக்கமும் விளிம்பு விட்ட பெரிய தாள், அதில் கோடு இழுத்து இழுத்து புதுப் பத்திகள், இடம் போதாமல் ஒட்டுத் தாள்கள், இப்படிப் பல சுற்று போகும். திருத்தச் செலவும் அவர் தலையில்தான். கடனில் மூழ்கிய மனிதன் ஒரு வாக்கியம் சரியாக அமைவதற்காகக் கைக்காசை விட்டிருக்கிறான், இதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அவர் செய்த மிகப் பெரிய காரியம் எது தெரியுமா? ஒரு நாவலில் வந்த ஆளை இன்னொன்றில் திரும்பக் கொண்டுவந்தது. 'தந்தை கோரியோ' நாவலின் கையெழுத்துப் பிரதியில் நாயகனான அந்தச் சட்ட மாணவனுக்கு முதலில் மாசியாக் என்றுதான் பெயர். அதை அடித்துவிட்டு ராஸ்தின்யாக் என்று எழுதியிருக்கிறார், அவன் ஏற்கெனவே 1831இல் வந்த நாவலில் பாரிஸின் பெரிய மனிதர்களோடு திரிகிற ஆள்! அந்த ஒரு அடித்தலில் இரண்டு புத்தகங்கள் ஒரே ஊராகிவிட்டன. அப்படியே வளர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்களோடு 'மானுட நாடகம்' என்கிற பெருந்தொகுப்பானது. இதைப் பார்த்துத்தான் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா தன் 20 நாவல் வரிசைக்குத் துணிந்தார். தஸ்தயேவ்ஸ்கி அச்சில் முதலில் வெளியிட்டதே, 1844இல், பால்சாக்கின் 'யூஜெனி கிராந்தே' நாவலின் ரஷ்ய மொழிபெயர்ப்புதான். பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டி, சொத்து உழைப்பால் வருகிறதா வாரிசு வழியில் வருகிறதா என்று விளக்க 'தந்தை கோரியோ'வைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

அந்த நாவலில் கோரியோ ஒரு சேமியா வியாபாரி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சம்பாதித்த அத்தனையையும் இரண்டு மகள்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு விடுதியில் கிடக்கிறார், கையில் காசு கரையக் கரைய வாடகை குறைந்த மேல்மாடிக்கு மாறிக்கொண்டே போகிறார். ஒருநாள் இரவு, ஆசையாய் வைத்திருந்த வெள்ளிப் பாத்திரத்தைத் தன் கையாலேயே முறுக்கிக் கட்டியாக்குகிறார், அதே விடுதியில் இருக்கிற ராஸ்தின்யாக் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிறான். கடைசியில் சவ ஊர்வலத்துக்கு மகள்கள் வரவில்லை, ஆளில்லாத வண்டிகளை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள். குழிவெட்டியவர்களுக்குக் கொடுக்க ராஸ்தின்யாக்கிடம் காசில்லை, விடுதி வேலைக்காரனிடம் இருபது சூ, அதாவது சில்லறைக் காசு, கடன் வாங்குகிறான். கடன்பட்டவனால்தான் இப்படி எழுத முடியும் என்பேன் நான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். முதலில் விடுதியைப் பற்றிய வர்ணனை பக்கம் பக்கமாகப் போகும், தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள், யார் எந்த மாடியில் இருக்கிறார்கள், எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். அடுத்ததாக 'இழந்த மாயைகள்'. அச்சகமும் காகிதமும் கடனும் அதில் வருகின்றன, எல்லாம் அவர் பட்ட பாடு.