கூண்டில் நின்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளாகக் கீழமை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தி வருகிறேன். பெரும்பாலும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பில்தான் நின்றிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் குறுக்கு விசாரணையின் நடுவே ஒரு சாட்சி உடைந்துபோய், "ஆமாம், நான்தான் கொன்றேன்" என்று அலறியது ஒரு தடவைகூட நடந்ததில்லை. என் சீனியரின் காலத்திலும் நடந்ததில்லை. சாட்சி தண்ணீர் கேட்பார். "ஞாபகம் இல்லை" என்பார். கூண்டின் மரச்சட்டத்தைப் பற்றியிருக்கும் விரல்களை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் பற்றுவார். அந்த ஈரத்தை நானும் பார்க்கிறேன், நீதிபதியும் பார்க்கிறார். ஆனால் பதிவாகும் வாக்குமூலத்தில் வியர்வை ஏறாது. "ஞாபகம் இல்லை" என்ற இரண்டு சொற்கள்தான் ஏறும்.

என்னைச் சட்டக் கல்லூரிக்கு இழுத்துச் சென்றதோ, சாட்சிகள் உடைந்து அழும் கதைகள்தான். வாடகை நூலகத்தில் நாளுக்கு இத்தனை காசு என்று கொடுத்து, பெர்ரி மேசன் என்ற கற்பனை வழக்கறிஞரின் அட்டை கிழிந்த நாவல்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப் படித்த தலைமுறை என்னுடையது. எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய எண்பதுக்கும் மேற்பட்ட அந்த நாவல்களில் முதலாவது 1933இல் வந்தது. அவற்றிலிருந்து பிறந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரையும், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து வந்த அதன் மறு ஆக்கத்தையும் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதல் தொடர் 1957 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1966 மே மாதம் வரை ஒன்பது ஆண்டுகள் ஓடியது. மொத்தம் 271 பகுதிகள். ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் கறுப்பு வெள்ளை. மேசனாக நடித்தவர் ரேமண்ட் பர். அகன்ற தோள், கனத்த முகம், கண்களில் மட்டும் ஒரு கூர்மை. அவர் நடிப்புத் தேர்வுக்கு வந்தது மேசனின் எதிராளியான அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர் வேடத்துக்காக. அவரைப் பார்த்த கார்ட்னர், இவர்தான் என் மேசன் என்று சொல்லிவிட்டார் என்பார்கள். 1930களில் தம் நாவல்களைத் திரைப்படமாக்கிய விதம் பிடிக்காததால், தொலைக்காட்சித் தொடரைத் தம் சொந்த நிறுவனத்தின் கையில் வைத்திருந்தவர் கார்ட்னர். ஆகவே அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. ஒரு கொலை விழும். நிரபராதி ஒருவர் மாட்டிக்கொள்வார். மேசனிடம் வருவார். செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட் குறிப்பெடுப்பார், துப்பறிவாளர் பால் டிரேக் ஓடியாடித் தகவல் கொண்டுவருவார். கடைசிப் பத்து நிமிடம் நீதிமன்றம். பெரும்பாலான பகுதிகளில் அது முழு விசாரணைகூட இல்லை, தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான ஜூரிகள் இல்லாத ஆரம்பகட்ட விசாரணைதான். மேசன் ஒரு சாட்சியிடம் கேள்விகளை அடுக்கிக்கொண்டே நெருங்குவார். கேமராவும் நெருங்கும். திடீரென்று சாட்சியே குற்றத்தை ஒப்புக்கொள்வார், அல்லது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்று கத்துவார். பர்கர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். அரசு தரப்பு வழக்கைத் திரும்பப் பெறும்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மை என்ற ஒன்று உண்டு, கேட்கவேண்டிய விதத்தில் கேட்டால் அது வாய் திறக்கும் என்று வாராவாரம் ஒரு தொடர் மக்களுக்குச் சொன்னது. அது சின்ன விஷயம் அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த ஏழைச் சிறுமி, இந்தத் தொடரைப் பார்த்துத்தான் சட்டத்துறைக்கு வர ஆசைப்பட்டார். 2009இல் அவருடைய நியமனத்தை ஆராய்ந்த செனட் குழு முன் அவர் அதைச் சொன்னபோது, மேசன் தோற்ற ஒரே வழக்கு எது என்று ஒரு செனட்டர் கேட்டார். அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் மனத்தில் தங்கியிருந்தது மேசனின் வெற்றி அல்ல, தோற்றுப்போன அரசு வழக்கறிஞரின் ஒரு பேச்சு. நிரபராதியை விடுவிப்பதிலும் நீதி நிறைவேறுகிறது, அதனால் வழக்கைத் திரும்பப் பெறுவதில் எனக்கு வருத்தமில்லை என்ற பொருளில் பர்கர் பேசியது. அதைக் கேட்டுத்தான் தாம் அரசு வழக்கறிஞராக விரும்பியதாகச் சோட்டோமேயர் சொன்னார். எத்தனையோ கோடிப் பேர் மேசனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சிறுமி பர்கரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இனி மறு ஆக்கத்துக்கு வருகிறேன். 2020 ஜூனில் எச்பிஓ தொலைக்காட்சியில் வெளிவந்தது. இரண்டு பாகங்கள், பாகத்துக்கு எட்டுப் பகுதிகள். மேசனாக மேத்யூ ரீஸ். கதை 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. பொருளாதாரப் பெருமந்தம். இந்த மேசன் வழக்கறிஞரே அல்ல. காசுக்காக மற்றவர்களின் அந்தரங்கத்தை ஒளிந்திருந்து படமெடுக்கும் துப்பறிவாளர். முதல் உலகப் போரிலிருந்து உடைந்து திரும்பியவர். பாழடைந்த ஒரு பால் பண்ணையில் தனியாக வாழ்கிறார். முதல் இரண்டு பகுதிகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு இருட்டு எதற்கு, இவ்வளவு இரத்தம் எதற்கு? கடத்தப்பட்ட ஒரு கைக்குழந்தையின் உடல், இமைகள் தைக்கப்பட்ட நிலையில் திரும்பி வருகிறது. அந்தக் காட்சியை அவ்வளவு நெருக்கத்தில் காட்டியிருக்க வேண்டாம் என்பது இன்றும் என் கருத்து.

ஆனால் தொடர்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இதை எடுத்தவர்கள் மூலத் தொடரோடு மிகுந்த மரியாதையோடு வாதாடுகிறார்கள் என்பது புரிந்தது.

குழந்தையின் தாய் எமிலி மீதே கொலைப் பழி விழுகிறது. கடத்தியவர்களில் ஒருவனோடு அவளுக்குத் தொடர்பு இருந்தது என்பதுதான் அவளுக்கு எதிரான ஆயுதம். ஒழுக்கம் கெட்டவள், ஆகவே கொலைகாரி என்று அரசு தரப்பு ஜூரிகளின் காதில் ஓதுகிறது. இந்த உத்தி எனக்கு மிகவும் பழக்கமானது. சாட்சியம் மெலிந்திருக்கும் வழக்கில் நடத்தையைத் தோண்டுவது எல்லா ஊர் நீதிமன்றங்களிலும் நடக்கிறது. அவளுக்காக நிற்கும் முதிய வழக்கறிஞர் பாதியில் இறந்துபோகிறார். வழக்கைக் கையில் எடுக்க ஆளில்லை. அப்போதுதான் மேசன் அவசர அவசரமாக வழக்கறிஞராக்கப்படுகிறார். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமல், ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதி வழக்கறிஞராக முடிவது கலிபோர்னியாவில் உண்மையிலேயே உள்ள வழி. கார்ட்னரும் சட்டப் படிப்பை முடித்தவரல்லர். வழக்கறிஞர் அலுவலகங்களில் படித்து 1911இல் தேர்வில் தேறியவர். ஆக்ஸ்னார்ட் என்ற சிறு நகரில், வேறு எவரும் திரும்பிப் பார்க்காத சீனத் தொழிலாளர்களுக்காக வாதாடியவர். 1948இல், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மீண்டும் ஆராய ஒரு குழுவையே அமைத்தவர். இஸ்திரி குலையாத கோட்டோடு உலவிய பழைய தொலைக்காட்சி மேசனைவிட, கசங்கிய சட்டையோடு திரியும் இந்த மேசன் கார்ட்னருக்கு நெருங்கியவராக எனக்குத் தோன்றுகிறார்.

பால் டிரேக் பழைய தொடரில் புன்னகை மாறாத வெள்ளைக்காரர். புதியதில் அவர் சீருடை அணிந்த ஒரு கறுப்பினக் காவலர். கொலை நடந்த இடத்தில் இரத்தத் தடத்தைத் தொடர்ந்துபோய் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். பல்செட்டின் ஒரு துண்டும் கிடைக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் அவரை மிரட்டி அறிக்கையை மாற்றி எழுத வைக்கிறார்கள். நீதிமன்றத்தில் அந்த மாற்றிய அறிக்கைதான் பேசும், அவர் கண்ணால் கண்டது பேசாது. குறுக்கு விசாரணையில் என் முன்னால் நின்ற எத்தனையோ காவலர்களின் முகம் அந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது. பொய் சொல்கிறார் என்று சிலரைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன். அந்த அறிக்கையை எழுத வைத்தவர் யார் என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

முதல் பாகத்தின் இறுதிப் பகுதி தொடங்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குற்றத்தில் பங்குள்ள காவல்துறை அதிகாரி எனிஸ் கூண்டில் இருக்கிறார். மேசன் கேள்வி மேல் கேள்வியாக நெருங்குகிறார். எனிஸ் தடுமாறுகிறார். நாம் நாற்காலி நுனிக்கு வருகிறோம். இதோ வரப்போகிறது, அறுபது ஆண்டுகளாக நாம் அறிந்த அந்தக் கணம். அதற்குள் காட்சி அறுபடுகிறது. அது நீதிமன்றமே இல்லை. நள்ளிரவில் ஓர் அறைக்குள் நடக்கும் ஒத்திகை. அதில் உடன் இருக்கும் பர்கர், இந்தத் தொடரில் மேசனுக்கு மறைவில் உதவுபவர், கூண்டில் நின்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்று மேசனிடம் சொல்கிறார்.

யார் வாயிலிருந்து வருகிறது பாருங்கள். பழைய தொடரில் வாராவாரம் அந்த ஒப்புதலால் தோற்றுக்கொண்டே இருந்தவரின் பெயரைத் தாங்கியவர் சொல்கிறார். அவர் சொல்வது சட்டப்படியும் சரி. தன்னைத்தானே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையை அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் சாட்சிக்குக் கொடுக்கிறது. எனிஸ் அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனால் மேசனிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே அவர் எனிஸைக் கூப்பிடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த எமிலியையே கூண்டில் ஏற்றுகிறார். முடிவில் ஜூரிகள் ஒருமித்த தீர்ப்புக்கு வர முடியாமல் விசாரணை செல்லாததாகிறது. எமிலி வெளியே வருகிறாள், ஆனால் நிரபராதி என்ற சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஜூரிக்குப் பணம் கொடுத்திருந்தார்கள் என்ற கறையும் மேசன் தரப்பின் மேல் இருக்கிறது. ஆனால் பணம் வாங்காத வேறு ஜூரிகளும் தாமாகவே அவளைத் தண்டிக்க மறுத்திருக்கிறார்கள் என்று தெரியும்போது, மேசனின் முகத்தில் படரும் திகைப்புக்காகவே அந்தப் பகுதியை மறுபடியும் பார்க்கலாம்.

இரண்டாம் பாகம் 2023இல் வந்தது. அதில் அவருடைய கட்சிக்காரர்களான இரண்டு ஏழை மெக்சிக்கச் சகோதரர்கள் உண்மையிலேயே கொலையில் ஈடுபட்டவர்கள். மேசனுக்கே அது பாதியில்தான் தெரிகிறது. பழைய தொடர் தொடத் துணியாத இடம் அது. கதையின் ஓட்டம் முதல் பாகத்தளவு இறுக்கமாக இல்லை என்றாலும், அந்தத் துணிவுக்காக மதிக்கிறேன். அந்த ஆண்டே தொடரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

இன்னொன்று. புதிய தொடரில் டெல்லாவும் பர்கரும் தம் பாலினத்தவரையே நேசிப்பவர்கள். அது வெளியே தெரிந்தால் இருவர் வாழ்வும் முடிந்தது. ஆகவே விருந்துகளுக்கு இருவரும் ஜோடியாகப் போகிறார்கள், ஒருவருக்கொருவர் திரையாக. இது காலத்துக்கேற்பச் சேர்த்த சரக்கு என்று சிலர் சொல்லக் கேட்டேன். அவர்களுக்கு ரேமண்ட் பர் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆண் துணையோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்து 1993இல் மறைந்த அவர், அதை மறைக்க இறந்துபோன மனைவிகளையும் இறந்துபோன ஒரு மகனையும் கற்பனையாக உருவாக்கிப் பேட்டிகளில் சொல்லவேண்டியிருந்தது. வாராவாரம் அடுத்தவர் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தவருக்குத் தம் உண்மையைச் சொல்ல ஒரு கூண்டு இருக்கவில்லை.

பழைய பர்கரான வில்லியம் டால்மனுக்கு அது வாய்த்தது. 1968இல் நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில், புகைபிடிக்காதீர்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக அவர் ஒரு விளம்பரத்தில் தோன்றினார். தம் வீட்டையும் பிள்ளைகளையும் காட்டுகிறார். பர்ரோடு எடுத்துக்கொண்ட படத்தையும் காட்டுகிறார். அந்த நீதிமன்றத் தோல்விகள் எனக்குப் பொருட்டாக இருந்ததில்லை, இப்போது நடக்கும் போரில்தான் தோற்க விருப்பமில்லை என்ற பொருளில் பேசுகிறார். குரல் நடுங்கவில்லை. அந்த ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 53. எத்தனையோ பேரை மேசன் கூண்டில் பேசவைத்த அந்தத் தொடரில், யாரும் குறுக்கு விசாரணை செய்யாமலே, தாம் சிகரெட்டால் சாகிறோம் என்று தாமாக முன்வந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்த அரசு வழக்கறிஞர்தான்.

நன்றி, வணக்கம்.