பத்தில் ஒரு நொடி

வணக்கம் நண்பர்களே. பெரிய தொலைநோக்கி எதற்கு என்று கேட்டால், மங்கலானவற்றைப் பார்ப்பதற்கு என்றே பலரும் விடை சொல்வார்கள். ஒன்றின் வாயுவை மற்றொன்று உறிஞ்சும் இரட்டை விண்மீன்களுக்கோ, ஒளியை மிகச் சிறிய நேரத்துண்டுகளாக நறுக்கிப் பார்க்கவும் பெரிய கண்ணாடி வேண்டும்.

அன்னம் விண்மீன் குழுவில், சுமார் 7,800 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வி404 சிக்னி என்ற இரட்டையை எடுத்துக்கொள்வோம். இதில் சூரியனைவிடச் சற்றுக் குளிர்ந்த விண்மீன் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத துணையை ஏறத்தாழ ஆறரை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 1989-இல் திடீரெனப் பெரிதும் பிரகாசித்துச் சீறிய இது அடங்கிய பிறகு, கானரித் தீவுகளில் லா பால்மாவிலுள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியைக் கொண்டு, விண்மீன் நம்மை நெருங்கியும் விலகியும் சுற்றுவதால் அதன் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதை அளந்தார்கள். அந்தத் துணையின் நிறை சூரியனைப்போல் 6 மடங்குக்குக் குறையாது என்று 1992-இல் தெரிந்தது. வெடித்த விண்மீனின் அடர்ந்த எச்சமான நியூட்ரான் விண்மீனுக்கு அவ்வளவு நிறை இருக்க முடியாது. ஆகவே அது கருந்துளை. நிறமாலை எடுப்பது சலிப்பான வேலை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2015 ஜூனில் அது மறுபடி சீறியபோது, அதே தொலைநோக்கியில் அல்ட்ராகேம் என்ற அதிவேகக் கேமரா இருந்தது. சாதாரண வானியல் கேமராவில் ஒரு படத்தை வாசித்து முடிக்கவே பல நொடிகள் போய்விடும். இதன் சில்லில் ஒரு பாதி மூடியிருக்கும். எடுத்த படம் சட்டென்று அந்தப் பாதிக்கு நகர்ந்து அங்கே வாசிக்கப்படும்போதே, திறந்த பாதி அடுத்த படத்துக்கு ஒளி சேர்க்கத் தொடங்கிவிடும். மங்கியது விண்மீனா, குறுக்கே மேகம் போனதா என்ற ஐயம் எழாதிருக்க, அதே படத்தில் விழும் அண்டை விண்மீனோடு ஒப்பிட்டே ஒவ்வொரு அளவையும் எடுப்பார்கள். சீற்றத்தின் பிரகாசத்துக்கு 4.2 மீட்டர் போதும். அடங்கிக் கிடக்கும்போது இத்தனை சிறிய துண்டுக்குள் போதிய ஒளி சேராது. ஐந்து நிறங்களில் ஒரே நேரத்தில் படமெடுக்கும் ஹைப்பர்கேமை 2018-இல் 10.4 மீட்டர் கானரித் தொலைநோக்கியில் பொருத்தியதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

2015-இல் நூஸ்டார் செயற்கைக்கோளும் அதே வேளையில் எக்ஸ் கதிரைப் பதிவு செய்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது, ஒளியின் மினுக்கம் எக்ஸ் கதிருக்கு 0.1 நொடி பிந்தி வந்தது. எக்ஸ் கதிர், உறிஞ்சப்படும் வாயு கருந்துளையைச் சுற்றி அமைக்கும் வட்டின் ஓரத்தை எட்டி அதை ஒளிரச் செய்ய இந்த நேரம் போதாது. எனவே கருந்துளையின் அருகிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரையின் அடிப்பகுதியே இப்படி மினுக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒளி 0.1 நொடியில் கடப்பது 30,000 கிலோமீட்டர். 7,800 ஒளியாண்டுக்கு அப்பால் அவ்வளவு சிறிய இடத்தைத் தனியே பிரித்துக் காட்டும் ஒளியியல் தொலைநோக்கி எதுவும் இன்று இல்லை.