அலுமினிய மட்டையும் அரை நொடியும்

வணக்கம் நேயர்களே. அலுமினிய மட்டை என்றதும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிதான் நினைவுக்கு வருவார். 1979 டிசம்பர், பெர்த் மைதானம், எதிரே இங்கிலாந்து. மனிதர் அலுமினிய மட்டையோடு இறங்கிவிட்டார்! போத்தம் போட்ட பந்தை நேராக அடித்தார், மூன்று ரன். மர மட்டையாக இருந்தால் நாலு போயிருக்குமே என்று அவருடைய கேப்டன் கிரெக் சாப்பலுக்கு ஆதங்கம். வேறு மட்டை கொடுத்தனுப்பினார். இங்கிலாந்து கேப்டன் பிரியர்லியோ பந்தின் உருவம் கெடுகிறது என்று நடுவரிடம் போனார். லில்லி லேசில் விடவில்லை. ஆட்டம் நின்றது. கடைசியில் மட்டையைத் தூக்கி வீசினார். மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அப்புறம் விதியே வந்துவிட்டது.

பேஸ்பாலில் கதை வேறு. தொழில்முறை ஆட்டத்தில் இன்றும் மரம்தான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் 1974 முதல் அலுமினியத்தை அனுமதித்தார்கள். பிள்ளைகள் ஆட்டத்திலும் அதுவே பரவியது. மர மட்டை உடையும், காசு செலவு. உலோகம் பல வருடம் வரும்.

சரி, பந்து ஏன் வேகமாகப் போகிறது? மரத்தில் மோதும்போது பந்து நசுங்கி, வேகத்தில் பெரும்பங்கு வீணாகிறது. அலுமினிய மட்டை உள்ளே வெற்றுக்குழாய். மெல்லிய சுவர் ஒரு கணம் உள்வாங்கி, டிராம்போலின் மாதிரி பந்தைத் திருப்பித் தள்ளும். போதாக்குறைக்கு முனைக் கனமும் குறைவு, சின்னப் பையன்கூட வேகமாகச் சுழற்றுவான்.

இப்போது பந்தை வீசிய பிள்ளையைப் பாருங்கள். பெரியவர்கள் மைதானத்தில் வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வீசி முடித்துக் காலூன்றும்போது சுமார் 55 அடிதான் மிச்சம். மணிக்கு 100 மைல் வேகத்தில் பந்து திரும்பினால் அரை நொடிகூடக் கிடையாது. மறுபடி சொல்கிறேன், அரை நொடிகூடக் கிடையாது. சிறு பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீகில் தூரம் 46 அடிதான்.

2003இல் மொன்டானாவில் 18 வயது வீச்சாளர் ஒருவர் இப்படி அடிபட்டு இறந்தார். மட்டை செய்தவர்கள் எச்சரிக்கவில்லை என்று 2009இல் ஜூரி தீர்ப்புச் சொல்லி, 8,50,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 2007இல் நியூயார்க் நகர மன்றம், மேயரின் மறுப்பையும் மீறி, உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் உலோக மட்டையைத் தடை செய்தது.

அதற்காக மரம் நல்லது, உலோகம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மர மட்டையில் பட்ட பந்தும் மண்டையை உடைக்கும். கேள்வி துள்ளலைப் பற்றியது. 2011இல் கல்லூரிகளிலும் 2012இல் உயர்நிலைப்பள்ளிகளிலும் பிபிகார் என்ற தரம் வந்தது. உலோக மட்டையின் துள்ளலை மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டிப்போட்டது. சிறு பிள்ளைகளுக்கான தரம் 2018இல்தான் வந்தது.

என் ஆத்திரமெல்லாம் கராஜில் கிடக்கும் பழைய மட்டை மேல்தான். அண்ணன் ஆடியது, பெரியப்பா பையன் ஆடியது என்று கைமாறி வரும்! மட்டையில் அந்தத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லையென்றால் பயிற்சிக்குக்கூட வேண்டாம். பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கூட்டுப்பொருள் (காம்போசிட்) மட்டைகள் சில அடிக்க அடிக்கத் துள்ளல் கூடுபவை. புதிதாக வாங்கும்போது இருந்த கணக்கு இரண்டு வருடம் கழித்து இருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. நெஞ்சில் அடிபடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இதயத் துடிப்பின் குறிப்பிட்ட கணத்தில் பந்து பட்டால், மெதுவான பந்துகூட இதயத்தை நிறுத்திவிடலாம். அதற்கு எந்த மட்டையும் விதிவிலக்கல்ல. மைதானத்தில் டிஃபிப்ரிலேட்டர், அதாவது மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பை மீட்கும் கருவி, எங்கே இருக்கிறது, யாருக்கு இயக்கத் தெரியும் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். வீச்சாளருக்கான முகக்கவசத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். வணக்கம்.