அம்மாவின் அம்மா எந்த ஊர்?

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூருத் தமிழர்களிடம் 'உங்களுக்குப் பூர்வீகம் எது?' என்று கேட்டால் பதில் உடனே வரும். குடியாத்தம், வாணியம்பாடி, திருவண்ணாமலை, சேலம் என்று ஏதாவது ஓர் ஊரைச் சொல்வார்கள். அநேகமாக அது அப்பாவின் அப்பா பிறந்த ஊராக இருக்கும். சரி, உங்கள் அம்மாவைப் பெற்ற அம்மா எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். 'அதுவும் அந்தப் பக்கம்தான்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பாட்டியின் பெயர்கூடப் பல வீடுகளில் 'ஆயா' என்பதோடு நின்றுபோயிருக்கிறது.

இது யாரோ திட்டமிட்டுச் செய்த வேலை அல்ல. நம் ஏற்பாடே அப்படி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அப்பா பெயரின் முதல் எழுத்து பிள்ளைக்கு வரும். கல்யாணம் ஆனதும் பெண்ணுக்குக் கணவர் பெயரின் எழுத்து வந்துவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஆண்கள் பெயராவது ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். குலதெய்வமும் ஆண் வழிதான். பிறந்த வீட்டில் ஒரு சாமிக்குப் பொங்கல் வைத்தவள், புகுந்த வீட்டில் வேறொரு சாமிக்கு வைப்பாள். இரண்டு தலைமுறை போனால் அவள் முதலில் கும்பிட்ட கோயில் எங்கே என்று அவள் பேத்திக்கே தெரியாது. அமாவாசைத் தர்ப்பணத்தில் அம்மா வழித் தாத்தாக்களும் அவர்கள் மனைவிமாரும் வருகிறார்களே என்று கேட்பீர்கள். வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தர்ப்பணம் செய்கிற வீடுகள் எத்தனை? அங்கேயும் பாட்டிகள் தாத்தாக்களுக்குப் பின்னால்தான்.

நம்மில் ஒரு சாராருக்குப் பூர்வீகம் என்றதும் கல்வெட்டு ஞாபகம் வந்துவிடும். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, ஒரு நிலதானத்தைச் சொல்கிறது. போய்ப் பார்க்க வேண்டியவைதான். ஆனால் 'நாங்கள் எழுநூறு வருஷமாக இங்கே இருக்கிறோம்' என்று அந்தக் கல்லைக் காட்டி மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கல்லில் என் குடும்பம் இல்லை. எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் வேலைக்காக வந்தவர்கள். 1809-இல் ஆங்கிலேயர்கள் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடும், பட்டாளத்துக்குச் சாமான் விற்கவும் பலர் வந்தார்கள். அப்புறம் ரயில், மில், கட்டட வேலை.

என் அம்மா வழி கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. என் தாத்தா எந்த ஷாஃப்டில் இறங்கினார், என்ன சம்பளம், தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைனில் வீடு என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதைப் பற்றி என் மாமாக்கள் இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் ஆயா எப்படித் தங்கவயலில் இருக்கிற மாரிக்குப்பத்துக்கு வந்து சேர்ந்தார், யாரோடு வந்தார், அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை.

கேட்கலாம் என்று கிளம்பியபோது ஆயா இல்லை. காகிதங்களைத் தேடினால் எல்லாமே தாத்தா பெயரில். கர்நாடகத்தில் 'நாட கச்சேரி' என்கிற வருவாய்த்துறை அலுவலகத்தில் 'வம்ச விருட்சம்' என்று ஒரு சான்றிதழ் வாங்குவோமே, நம்மில் பல பேரிடம் இருக்கிற ஒரே குடும்ப மரம் அதுதான். அதையும் யாராவது இறந்து, சொத்தையோ பணத்தையோ மாற்ற வேண்டி வந்தால்தான் எழுதுகிறோம். அதில் ஆயா 'மனைவி' என்று ஒரு வரியில் இருக்கிறார். அவருடைய அப்பா அம்மாவுக்கு அங்கே இடமில்லை.

ஆயா கிடைத்தது சமையலறையில். கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். பித்தளைக் குடம், தவலை, அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக உளியால் தட்டியிருப்பார்கள். பின்னால் வந்த எவர்சில்வர் தூக்கிலும் டம்ளரிலும்கூட உண்டு. பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்த ஒரு தவலையின் கழுத்தில் ஆயாவின் பெயர், அவருடைய அப்பாவின் இனிஷியலோடு இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல்! அதற்குக் கீழே ஊர்ப் பெயர், குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்று. ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் சொல்லாததைத் தவலை சொல்லிவிட்டது. காரணம் எளிது. பாத்திரம் அவளுடைய சொந்தச் சொத்து, அவள் பிறந்த வீடு கொடுத்தது. நாளைக்கு ஒரு சண்டை என்று வந்தால் 'இது என்னுடையது' என்று எடுத்துக்கொண்டு போவதற்காகவே பெயர் வெட்டினார்கள். புருஷன் வீட்டில் பெண்ணின் பிறந்த வீட்டு அடையாளம் அழியாமல் இருந்த இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. சிக்பேட்டையிலோ சிவாஜிநகரிலோ பாத்திரக் கடையில் பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குகிறோம். போடுவதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் புளி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இன்னொரு நல்ல ஆவணம் மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் வாசலில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவாரே, அதுதான். பெயர், ஊர், தொகை. பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. திரும்பச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஊர்ப் பெயரை யாரும் விடமாட்டார்கள். முக்கியமான விஷயம், மொய் நோட்டில் தாய்மாமன் வரிசை முதலில் வரும். அம்மாவின் பிறந்த வீட்டுக்கு முதல் மரியாதை கொடுத்த ஒரே பதிவேடு இது! எங்கள் அம்மாவின் காதுகுத்து நோட்டில் ஆயாவின் அண்ணன் தம்பிகள் பெயர்கள் வரிசையாக இருந்தன. யாரிடம் கேட்டும் கிடைக்காத பெயர்கள் அவை. கிறிஸ்தவக் குடும்பத்து நேயர்களுக்கு வேறு ஒரு வசதி உண்டு. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். பங்குத்தந்தையிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

சேகரித்ததை வைத்துக் குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால் வேறு வேடிக்கை. கணினியில் அதற்கென்று செயலிகள் இருக்கின்றன. அக்காள் மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர், மாமன் மகளைக் கட்டியவர் என்று நம் உறவுகளை உள்ளே போட்டால், ஒரே ஆள் இரண்டு மூன்று கிளைகளில் முளைக்கிறார். என் பெரிய மாமா எனக்கு மாமா, என் அக்காவுக்குக் கணவர், என் அக்கா பிள்ளைகளுக்கு அப்பா, தாத்தா முறையும் உண்டு. செயலி திணறியது. ஆயா இருந்திருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பார். முறை சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீடுகளில் எப்போதுமே பெண்கள்தான். யார் யாரைக் கட்டலாம், யார் வீட்டுச் சாவுக்கு யார் கோடி எடுக்க வேண்டும் என்பதை அவர்கள்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேரைத் தோண்டினால் சாதி வரும். தங்கவயல் குடும்பங்களில் நிச்சயம் வரும். சாதியிலிருந்து விடுபடத்தான் பலர் ஊரை விட்டே கிளம்பினார்கள். சாதியை மறுத்துப் பௌத்தம் தழுவிய பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை, அவர் காலத்துக்குப் பிறகு தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. அப்படிப் பௌத்தம் தழுவிய வீட்டில் ஒரு பாட்டி ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இருந்தால், அது மறதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஊரில் எந்தத் தெருவில் இருந்தோம் என்பதைப் பேரப்பிள்ளைகள் தலையில் ஏற்றக் கூடாது என்ற தீர்மானமாக இருக்கலாம். அதை மதிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். 'எந்த ஆளுங்க?' என்று கேட்பதற்கும் 'சின்ன வயதில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீங்க?' என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் அவர்கள் சொல்ல விரும்புகிற அளவுக்குச் சொல்வார்கள்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்காராதீர்கள். கோர்ட்டு விசாரணை மாதிரி ஆகிவிடும். கீரை ஆயும்போது, முருங்கைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், திருட்டுத்தனம் வேண்டாம். பழைய மொய் நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினால் போதும், மற்றதை அவர்களே சொல்வார்கள். தாத்தாவைப் பற்றிக் கேட்காதீர்கள், எப்படியும் தாத்தாவைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள்.

எழுதி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். பெயர்களையும் ஊர்களையும் தமிழில் எழுதி, பக்கத்திலேயே கன்னட எழுத்திலும் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது என் பேத்திதான். குடியாத்தம் என்பதை மட்டும் இரண்டு தடவை அடித்துத் திருத்தினாள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.