ரிமோட்டிலிருந்து தெறித்த பொத்தான் பேட்டரி

வணக்கம். இன்றைக்கு ஸ்டாண்டில் கேமராவை மாட்டக்கூடப் பொறுமை இல்லை, கையில் பிடித்துக்கொண்டே பேசுகிறேன். அவ்வளவு கோபம். இதோ, படுக்கையறை விளக்கின் குட்டி ரிமோட். நேற்று கை தவறிக் கீழே விழுந்தது. மூடி ஒரு பக்கம், ரிமோட் ஒரு பக்கம். உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் காணோம்!

பாப்பாவுக்கு ஒன்றரை வயது, உங்களுக்குத் தெரியும். தரையில் எது கிடந்தாலும் நேராக வாய்க்குத்தான் போகும். கட்டிலை நகர்த்தினேன். விரிப்பைச் சுருட்டி உதறினேன். போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தேடினேன். நாற்பது நிமிடம்! கடைசியில் கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவே குத்திட்டு நின்றது. மேலிருந்து பார்த்தால் வெறும் கோடுதான். துடைப்பக் குச்சியால் தள்ளியதும் உருண்டு வந்தது பாருங்கள், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஒன்றை விட்டுவிட்டேன். பாப்பா அப்போது அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் தேடினேன். அவள் பக்கத்தில் இருந்திருந்தால் தேடிக்கொண்டிருக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்கிறீர்களா? இது 2032 வகை. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சின்னப் பிள்ளைகளின் உணவுக்குழாயில் கச்சிதமாகச் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் ரசாயனக் காரம் உண்டாகி, சதையை அரித்துவிடும். 2 மணி நேரத்திலேயே மோசமான புண் வரலாம். தீர்ந்துபோன பேட்டரி என்றும் விட முடியாது. ரிமோட்டை இயக்கத் தெம்பில்லாத பேட்டரியிலும் தொண்டையைப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், உடனே கிளம்புங்கள். எச்சில் ஒழுகுகிறதா, இருமுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. பேட்டரி என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நாணயம் மாதிரியே இருக்கும், விளிம்பில் தெரியும் இரட்டை வளையம்தான் அடையாளம். அப்புறம், மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

எனக்கு ஆத்திரமே இந்த மூடி மேல்தான். நகத்தால் நெம்பினால் திறக்கிறது! பாப்பாவின் பொம்மையில் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறது. இதற்கு ஒரு திருகாணி போட என்ன கேடு? டேப் சுற்றிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. ரிமோட்டே வேண்டாம், எழுந்து போய் சுவிட்சைப் போட்டுக்கொள்கிறேன். எடுத்த பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை உயரத்தில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கோபத்தோடு வீடு முழுக்க அலசினேன். எடை பார்க்கும் கருவி, கார் சாவி, என் கைக்கடிகாரம், ஏன், பாப்பாவுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர், எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறது. திறந்தால் பாட்டு வருமே, அந்தப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை! அதை அவள் கடித்துக்கூட விளையாடியிருக்கிறாள். ராத்திரியே கிழித்து எடுத்துவிட்டேன். காலையில் அட்டையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பாட்டை இப்போது நானே பாடுகிறேன்.