மூட்டுவாத மருந்து காப்பாற்றிய குழந்தை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

2021 மே மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா இரண்டாம் அலை. படுக்கை கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா என்று குடும்பம் குடும்பமாக அலைந்த நாட்கள். அப்போது வாட்ஸாப் குழுக்களில் ஒரு மருந்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. டோசிலிசுமாப். "எங்கேயாவது ஒரு குப்பி கிடைக்குமா, அவசரம்" என்று கேட்டு, கீழே ஒரு போன் நம்பர் போட்டிருப்பார்கள். சுமார் 40,000 ரூபாய் ஊசி அது. கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போனது. நகையை விற்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அந்த மருந்து கொரோனாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. அது மூட்டுவாத மருந்து. மூட்டுவாத மருந்து கொரோனா வார்டுக்கு எப்படி வந்தது என்று அன்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. இன்று கேட்கலாம். அது வந்த வழியில் ஒரு புற்றுநோய் வார்டு இருக்கிறது. அந்த வார்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று படுத்திருக்கிறது.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடமிட்சு கிஷிமோட்டோ என்ற விஞ்ஞானி. நம் ரத்தத்தில் பி செல் என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு, எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிப்பது அதுதான். 'தயாரிக்கத் தொடங்கு' என்று அதற்கு யார் உத்தரவு போடுகிறார்கள்? அவர் கேட்டது இவ்வளவுதான். எந்த நோயையும் குணப்படுத்தக் கிளம்பியவர் இல்லை. 1986-இல் அவருடைய குழு அந்த உத்தரவைக் கொண்டுபோகும் புரதத்தின் மரபணுவைப் பிடித்தது. இன்டர்லூக்கின்-6, சுருக்கமாக ஐ.எல்-6.

உங்கள் வீட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி.ஆர்.பி. என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். கொரோனா காலத்தில் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு. ஐ.எல்-6 போய்ச் சொன்னால்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். காய்ச்சல் வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. அளவோடு இருந்தால் அது நம்மைக் காக்கும். அளவு மீறி, மாதக்கணக்கில் சுரந்தால் மூட்டு வீங்கும், எலும்பு அரிக்கும். அந்த உத்தரவு செல்லுக்குள் போகாமல் தடுக்கச் செய்த மருந்துதான் டோசிலிசுமாப். 2008-இல் ஜப்பானில் முடக்குவாதம் என்ற மூட்டுவாத வகைக்கு அனுமதி கிடைத்தது, 2010-இல் அமெரிக்காவில்.

சரி, இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். எமிலி ஒயிட்ஹெட். பென்சில்வேனியாவின் சிறிய ஊரைச் சேர்ந்த குழந்தை. 2010-இல், ஐந்து வயதில், ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் இந்த வகை ரத்தப் புற்று பெரும்பாலும் குணமாகிவிடும். எமிலிக்குக் குணமாகவில்லை. இரண்டு முறை திரும்பி வந்தது. வழக்கமான மருந்துகளெல்லாம் தீர்ந்துபோன நிலையில், 2012 ஏப்ரலில், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் அதுவரை ரத்தப் புற்று வந்த எந்தக் குழந்தைக்கும் கொடுத்துப் பார்க்காத ஒரு சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதித்தார்கள். அதன் பெயர் கார்-டி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டி செல் என்பது இன்னொரு வகை வெள்ளையணு. வைரஸ் புகுந்த செல்லை நேருக்கு நேர் கண்டுபிடித்துக் கொல்வது இதன் வேலை. புற்றுச் செல்லையும் கொல்லும் திறன் உண்டு, ஆனால் பல நேரம் அதை அடையாளம் தெரிந்துகொள்ளாது. நம் சொந்தச் செல்தானே என்று விட்டுவிடும். 1980-களின் கடைசியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹாரும் அவர் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். எதிர்ப்புப் புரதத்தின் பிடிக்கும் முனையை எடுத்து, டி செல்லின் கொல்லும் விசையோடு இணைத்தார்கள். இனி எதைப் பிடிக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம். பி செல்களின் மேல்பரப்பில் சிடி19 என்று ஒரு புரதம் இருக்கிறது. எமிலிக்கு வந்த புற்று பி செல்லில் வந்தது. ஆகவே சிடி19-ஐப் பிடி.

அந்தப் புதிய மரபணுவை டி செல்லுக்குள் கொண்டுபோவது எது என்று நினைக்கிறீர்கள்? எச்.ஐ.வி. ஆமாம், எய்ட்ஸ் வைரஸ்தான். டி செல்லுக்குள் புகுந்து அதன் மரபணுவிலேயே போய் உட்காருவதில் அதற்கு இருக்கும் கெட்டிக்காரத்தனம் நமக்குத் தெரியும். நோய் உண்டாக்கும், பெருகும் பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு, சுமந்து போகும் திறனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பார்க்கப்போனால் இந்தச் சிகிச்சை மிக அமைதியாக நடக்கும். கையிலோ கழுத்திலோ ஊசிக் குழாய் போட்டு, சில மணி நேரம் ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியே சுழற்றி வெள்ளையணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். அவை ஆய்வகம் போய், மாற்றப்பட்டு, பெருக்கப்பட்டு, உறைந்த நிலையில் திரும்பி வரும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உடம்புச் சூட்டளவு வெந்நீரில் அந்தச் சின்னப் பையை வைத்து உருக்குவார்கள். பையில் நோயாளியின் பெயரையும் எண்ணையும் இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார்கள். அப்புறம் குளுக்கோஸ் ஏற்றுவதுபோலத்தான் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். அரை மணி நேரம்கூட ஆகாது. உறைய வைக்கச் சேர்த்த திரவம் மூச்சில் வெளியேறுவதால் அறையில் பூண்டு வாசனை அடிக்கும். கூட இருப்பவர்கள் திகைத்துப்போவார்கள்: இவ்வளவுதானா?

எமிலிக்கு சில நாளில் காய்ச்சல் பொங்கியது. ரத்த அழுத்தம் விழுந்தது. செயற்கைச் சுவாசம், நினைவில்லை. பிழைப்பது அரிது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஐ.எல்-6 இருக்க வேண்டிய அளவைப்போல் பல நூறு மடங்கு ஏறியிருந்தது. டி செல்கள் புற்றைத் தாக்கத் தொடங்கிவிட்டன. அந்தச் சண்டையின் உஷ்ணத்தில் குழந்தை போய்க்கொண்டிருந்தது.

எமிலிக்குக் கொடுத்த கார்-டியை உருவாக்கிய கார்ல் ஜூன் என்பவரின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். அதனால் ஐ.எல்-6-ஐத் தடுக்கும் ஒரு மருந்து சந்தைக்கு வந்திருப்பது அவருக்குத் தெரியும். புற்றுநோய் வார்டில் அதை வேறு யாரும் யோசித்திருக்க வழியில்லை. மருத்துவர் ஸ்டீபன் க்ரப் அந்த ஊசியைப் போட்டார். சில மணி நேரத்திலேயே காய்ச்சல் இறங்கியது. மே 2-ஆம் தேதி, தன் ஏழாவது பிறந்தநாளன்று, எமிலி கண் விழித்தாள். சில நாள் கழித்து எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். புற்று இல்லை. இன்று அவள் கல்லூரி மாணவி.

2017 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அரசு இந்தக் கார்-டி சிகிச்சைக்கு அனுமதி தந்தது. அதே நாளில், அதன் பக்கவிளைவைத் தணிக்க டோசிலிசுமாபுக்கும் அனுமதி தந்தது. கொரோனா வந்து, நுரையீரல் இதே மாதிரி உஷ்ணத்தில் கெட்டுப்போவதை மருத்துவர்கள் பார்த்தபோது இந்த ஊசியின் நினைவு வந்ததற்கு எமிலி போன்றவர்களின் அனுபவமும் ஒரு காரணம். பிரிட்டனில் ரெக்கவரி என்ற ஆய்வில் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 35 பேர் இறந்தார்கள். ஊசியும் போட்டவர்களில் 31 பேர். நான்கு உயிர் சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. ஏறியவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. நம் ஊரில் அந்த வித்தியாசம் பார்க்காமலும் சீட்டு எழுதப்பட்டது. அன்று நகையை விற்ற குடும்பங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

எமிலி பிழைத்ததைத் தற்செயல் என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். 26 ஆண்டுகளுக்கு முன் ஒசாகாவில் ஒருவரை 'இதனால் எந்த நோய் தீரும், சொல்' என்று நெருக்காமல் ஆராய விட்டிருந்தார்கள். அதன் பலன் அது. சென்னையில் தொற்றுநோய் என்றால் தண்டையார்பேட்டை, புற்றுநோய் என்றால் அடையாறு, மூட்டு என்றால் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. நிர்வாகத்துக்கு அது சரி. நம் ரத்தத்துக்குள் இப்படிக் கட்டடங்கள் கிடையாது. அங்கே இருப்பது அதே பி செல், அதே டி செல், அதே ஐ.எல்-6.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். லூபஸ்.

லூபஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் இருபது முப்பது வயதில். பி செல்கள் உடம்புக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். இப்படி உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்களைத்தான் ஆட்டோ இம்யூன் என்கிறோம். கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டு வலி, முடி கொட்டுவது, கடைசியில் சிறுநீரகம். மருத்துவரான என் முன்னால் ஸ்டீராய்டில் முகம் உப்பிப்போன பெண் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் அம்மா, மகளை மருந்துக் கவுன்டருக்கு அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "டாக்டர், இவளுக்குக் கல்யாணம் பண்ணலாமா?" ஆயுசு முழுக்க மாத்திரைதான் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துவிட்டது.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கெயோர்க் ஷெட்டும் அவர் குழுவும் இப்படி யோசித்தார்கள்: ரத்தப் புற்றில் பி செல்களைத் துடைத்தெடுக்கும் அதே கார்-டி, லூபஸில் கெட்டுப்போன பி செல்களையும் துடைக்காதா? 2021-இல் இருபது வயதுப் பெண் ஒருவருக்குக் கொடுத்தார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல மருந்துகள் தோற்றுப்போன நிலை. நோய் அடங்கியது. 2024 பிப்ரவரியில் பதினைந்து பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். எட்டுப் பேர் லூபஸ், மற்றவர்கள் தசை அழற்சி, தோல் இறுகும் நோய். லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேருக்கும் நோய் தணிந்திருந்தது. பதினைந்து பேருமே ஸ்டீராய்டு உட்பட எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள்.

என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். நாலு மாதம் போல் கழித்து அவர்களுக்குப் பி செல்கள் திரும்பி வந்தன. வந்தவை புதியவை. பழைய கெட்ட பாடம் எதையும் அவை கற்றிருக்கவில்லை. வந்த பிறகும் நோய் திரும்பவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் நோய் அடங்கியே இருக்கும் என்பதை லூபஸில் நாங்கள் இதற்கு முன் பார்த்தது இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் இது பதினைந்து பேரின் கதை. பெரிய ஆய்வுகள் இப்போதுதான் நடக்கின்றன. பி செல் இல்லாத மாதங்களில் கிருமி எளிதாக நுழையும். கார்-டி பெற்ற புற்றுநோயாளிகளில், புற்று திரும்பாமலேயே இறந்தவர்களை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர் தொற்றால் இறந்திருக்கிறார்கள். மிக அரிதாக, அந்த டி செல்லிலேயே புதுப் புற்று வரலாம் என்று 2024-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கையும் சேர்த்தது. ரத்தப் புற்றில் உயிர் போகும் கட்டத்தில் இருப்பவருக்கு இந்த ஆபத்தை ஏற்கலாம். மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கும் லூபஸ் நோயாளிக்கு இன்றைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது காசு. அமெரிக்காவில் முதலில் வந்த கார்-டியின் விலை 4,75,000 டாலர், அதுவும் மருந்துக்கு மட்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து இதை இங்கேயே செய்துகாட்டினார்கள். நெக்ஸ்கார்19. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 64 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தவர்கள் 73 சதவீதம். வேலூர் சி.எம்.சி.யும் தன் வளாகத்துக்குள்ளேயே இந்தச் செல்களைத் தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறது.

இந்தியாவில் விலை முப்பது நாற்பது லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தர்மபுரியில் கரும்பு வெட்டப் போகிறவருக்கு நாற்பது லட்சமும் நான்கு கோடியும் ஒன்றுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செல் எடுத்து, வைரஸ் தயாரித்து, கிருமி நுழையாத அறையில் வளர்த்து, ஒவ்வொரு பையையும் சோதித்து அனுப்புவதால்தான் இந்த விலை. விலையைக் குறைக்கும் வேலையும் கண்டுபிடிப்புக்குச் சமமான ஆராய்ச்சிதான். அரசு அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். செல்லை வெளியே எடுக்காமல், சில கொரோனா தடுப்பூசிகளில் பயன்பட்ட எம்.ஆர்.என்.ஏ. என்ற மரபணுச் செய்தியைக் கொழுப்புத் துகளில் வைத்து ஊசி போட்டு, உடம்புக்குள்ளேயே டி செல்லை மாற்றும் முயற்சி மனிதர்களிடம் தொடங்கிவிட்டது. அது பலித்தால் மாவட்ட மருத்துவமனைக்கே இந்தச் சிகிச்சை வரலாம்.

அதுவரை? லூபஸ் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதுவும் மலேரியாவிலிருந்து வந்த மருந்துதான். 2020-இல் கொரோனாவுக்குக் கேட்கும் என்று ஊரே வாங்கி வைத்ததில் லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். கொரோனாவுக்கு அது உதவாது என்று நிரூபித்ததும் அதே ரெக்கவரி ஆய்வுதான். லூபஸுக்கு அது இன்றும் முதல் மருந்து. வருடத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொண்டு தொடருங்கள்.

யாராவது உங்களிடம் வந்து "செல் தெரபி இருக்கிறது, ஆட்டோ இம்யூன் நோயெல்லாம் ஒரே ஊசியில் சரியாகும், இவ்வளவு லட்சம் கட்டுங்கள்" என்றால், இது மத்திய அரசு அனுமதித்த சிகிச்சையா, ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்கும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த எண்ணைத் தரத் தயங்கினால், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.