வாலை வெட்டிய விமானம்

வணக்கம் நேயர்களே.

பட்டம் விட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். வால் சரியாகக் கட்டாத பட்டம் மேலே போன வேகத்தில் குட்டிக்கரணம் போடும். பழைய புடவையில் ஒரு முழம் கிழித்துக் கட்டினால் அடங்கிவிடும். விமானத்தின் வாலுக்கும் அதே வேலைதான். மூக்கு மேலும் கீழும் ஆடாமல், இடமும் வலமும் அலையாமல் பிடித்து வைக்கிறது.

அந்த வாலே வேண்டாம், நடு உடலும் வேண்டாம், வெறும் இறக்கை போதும் என்று நின்றவர் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நார்த்ராப். விமானத்தைத் தூக்குவது இறக்கை; மற்றதெல்லாம் பெரும்பாலும் காற்றைக் கிழித்து எரிபொருளைத் தின்கிற சுமை. மனிதர், என்ஜின், பெட்ரோல் எல்லாவற்றையும் இறக்கைக்குள்ளேயே அடைத்துவிட்டால் அதே எரிபொருளில் இன்னும் தூரம் போகலாமே என்பது அவர் கணக்கு. 1940 ஜூலையில் என்-1எம் என்ற சின்ன மஞ்சள் விமானம் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகையில் பறந்தது. என்ஜின் பலம் போதாமல் திணறியது, ஆனாலும் பறந்தது.

1941இல் பிரிட்டன் ஹிட்லரிடம் வீழ்ந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. அப்படி நடந்தால் அமெரிக்க மண்ணிலிருந்தே கிளம்பி, ஐரோப்பாவில் குண்டு போட்டுத் திரும்ப வேண்டும். 10,000 பவுண்டு குண்டு, 10,000 மைல் தூரம். அதற்காக நார்த்ராப் வரைந்ததுதான் எக்ஸ்பி-35. முனைக்கு முனை 172 அடி. முதலில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் என்-9எம் செய்து சோதித்தார்கள். 1943 மே மாதம் அதில் முதல் விமானம் நொறுங்கி, ஓட்டியவர் இறந்தார்.

சரி, வால் இல்லாமல் இதை எப்படித் திருப்புவது? எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இறக்கையின் இரு முனைகளிலும், பின்விளிம்பில், மேலும் கீழுமாகப் பிளந்து திறக்கும் தட்டுகள். மீன் வாய் திறப்பது போல இருக்கும். விமானி இடது பெடலை மிதித்தால் இடது முனை வாய் பிளக்கும், அந்தப் பக்கம் காற்றில் இழுபடும், விமானம் இடப்பக்கம் திரும்பும். ஓடுகிற படகில் ஒரு பக்கத் துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் படகு திரும்புமே, அதே வித்தை.

எக்ஸ்பி-35 பறப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. 1946 ஜூன் 25 அன்றுதான் அது முதலில் மேலெழும்பியது. நான்கு என்ஜின், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் எதிரெதிராகச் சுழலும் இரட்டை புரொப்பல்லர்கள். அவற்றைச் சுழற்றும் கியர்பாக்ஸ் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் புரொப்பல்லரைக் கழற்றி, எட்டு ஜெட் என்ஜின்களை வைத்து, ஒய்பி-49 என்று 1947 அக்டோபரில் பறக்கவிட்டார்கள். வேகம் கூடியது. ஆனால் ஜெட் எரிபொருளை விழுங்கியதில் தூரம் வெகுவாகக் குறைந்தது. எந்த லாபத்துக்காக வாலை வெட்டினாரோ, அந்த லாபமே போயிற்று.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மூக்கு மெதுவாக இடம், வலம், இடம் என்று அலைந்துகொண்டே இருக்கும். பயணிக்கு அது தாலாட்டு. குறிபார்த்துக் குண்டு போடுகிறவனுக்கோ கொடுமை. இலக்கை நெருங்கும் அந்தச் சில நிமிடங்கள் விமானம் கோடு போட்டதுபோல நேராகப் போக வேண்டும், இது போகாது.

1948 ஜூன் 5. இரண்டாவது ஒய்பி-49 சோதனையின்போது வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கேப்டன் க்ளென் எட்வர்ட்ஸ்; இந்த விமானம் சில நேரம் சொன்ன பேச்சே கேட்பதில்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தவர். மூராக் விமானத் தளம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

திட்டம் கைவிடப்பட்டது. பெரிய இறக்கைகள் அத்தனையும் பழைய இரும்புக் கணக்கில் வெட்டப்பட்டன. அருங்காட்சியகத்துக்கென்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரசியல்தான் காரணம் என்று நார்த்ராப் 1979இல் ஒரு பேட்டியில் சொன்னார். அன்றைய விமானப்படைச் செயலர் சைமிங்டன் அதை மறுத்தார். அரசியல் இருந்திருக்கலாம். ஆனால் விமானமும் தயாராக இல்லை என்பதுதான் என் எண்ணம். வாலை எடுத்தவர், அதன் வேலையை யாரிடம் ஒப்படைப்பது? நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க மனிதனின் காலுக்கு வேகம் போதாது.

அந்த வேலையைப் பின்னாளில் கணினி எடுத்துக்கொண்டது. 1989இல் பறந்த, வாலில்லாத அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-2க்கும் அகலம் அதே 172 அடி. அது தரையிறங்கும் படம் எங்காவது கிடைத்தால் இறக்கையின் முனையைப் பாருங்கள். அதே மீன் வாய், அகலத் திறந்தபடி இருக்கும். வணக்கம்.